ஆய்வு யார் கைக்குச் செல்கிறது? திறந்த அணுகல் ஒப்பந்தங்களும் தமிழாய்வும்

(மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் புலாவ் செபாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன்றத்தார் என்னை உரையாற்ற அழைத்தபோது, இலக்கணம் குறித்தோ வட்டார வழக்கு குறித்தோ பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். பல்கலைக்கழக நூலகங்களும் பதிப்பகங்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் மொழியியலாளனுக்கு உரிய பொருளா என்னும் ஐயம் உங்களுக்கும் எழக்கூடும். அவற்றைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தவர் இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பேச்சுத்தமிழைப் பதிவு செய்துவந்தேன். பால்மரம் வெட்டுவோரின் லயங்களில் மாலை வேளைகளில் அமர்ந்து அவர்கள் பேசக் கேட்பேன். பெரட்டு, மங்கு, கிராணி, பசியாறுதல் என்று அவர்கள் வாயில் வழங்கிய சொற்களை ஒலிநாடாவில் சேர்த்தேன். அவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதனை ஏற்றது. அச்சேறும் முன் ஒரு தாளில் கையொப்பம் கேட்டனர். கட்டுரையின் பதிப்புரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்பது அத்தாளின் பொருள். கட்டுரை வெளிவரும் மகிழ்ச்சியில் அதனைப் படிக்காமலே கையொப்பமிட்டேன்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அந்த ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் ஒலிநாடாக்களில் பேசியவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். தந்தை மறைந்துவிட்டார். அவர் பேச்சைப் பற்றி ஒரு கட்டுரை உண்டென்று அறிந்து இணையத்தில் தேடியிருக்கிறார். கட்டுரை கிடைத்தது, ஆனால் முதற்பக்கத்தின் சுருக்கத்துக்குக் கீழே, முழுவதையும் படிக்க ஏறத்தாழ நாற்பது அமெரிக்க டாலர் செலுத்துமாறு கேட்டது திரை. “ஐயா, நீங்கள் எழுதியதுதானே, எனக்கு அனுப்ப முடியுமா?” என்று கேட்டார். நானும் முயன்று பார்த்தேன். பணி ஓய்வோடு என் பல்கலைக்கழக நூலகக் கணக்கும் முடிந்திருந்தது. என்னிடமும் அதே நாற்பது டாலரைத்தான் கேட்டது.

பேசியவர் அவர் தந்தை, எழுதியவன் நான், களப்பணிக்குப் பணம் தந்தது பொதுநிதி. இம்மூவர் தரப்புக்கும் கதவு அடைபட்டிருந்தது. இந்நிலை எவ்வாறு வந்தது, இதை மாற்றுவதாகச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்மையில் எதை மாற்றுகின்றன, தமிழாய்வு செய்வோர் என்ன செய்ய வேண்டும் என்பவையே இன்றைய என் உரையின் பொருள்.

1. சொல்லும் பொருளும்

‘திறந்த அணுகல்’ என்னும் தொடரை முதலில் விளக்கிக்கொள்வோம். விலையின்றிக் கிடைப்பதெல்லாம் திறந்த அணுகல் ஆகாது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுகல் முன்முயற்சி அறிக்கை இதற்குத் தெளிவான வரையறை தந்தது. ஆய்வுக் கட்டுரையை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பிறருக்கு வழங்கலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எழுத்தைச் சிதைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஆகவே இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று விலை, மற்றொன்று உரிமை. பதிப்பகம் ஒரு கட்டுரையைச் சில மாதங்கள் விலையின்றித் திறந்து வைத்துவிட்டுப் பின்னர் மூடிவிட இயலும். அப்போது அது இலவசமாக இருந்ததே தவிரத் திறந்ததாக இருக்கவில்லை. உரிமை எவரிடம் உள்ளதோ அவரே கதவைத் திறக்கவும் மூடவும் வல்லவர். இவ்வேறுபாட்டை நெஞ்சிற்கொண்டால் இனி நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

2. பூட்டு வந்த வழி

ஆய்விதழ் உருவாகும் முறையைப் பாருங்கள். ஆய்வாளர் கட்டுரை எழுதுகிறார். இதழ் அவருக்கு ஊதியம் தருவதில்லை. துறை வல்லுநர் இருவரோ மூவரோ அதனை மதிப்பிடுகின்றனர். பெரும்பாலும் அவர்களுக்கும் ஊதியமில்லை. இவர்கள் அனைவருக்கும் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். முடிவில், அக்கட்டுரை வெளிவந்த இதழைச் சந்தா கட்டி வாங்குவதும் அதே பல்கலைக்கழகத்தின் நூலகமே.

அச்சுக் காலத்தில் தாள், மை, அஞ்சல் என்று செலவுகள் வெளிப்படையாக இருந்தன. இணையம் வந்ததும் விலை குறையும் என்று எதிர்பார்த்தோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பெரிய பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டி விற்கத் தொடங்கின. வேண்டிய பத்து இதழ்களுக்காக வேண்டாத பலவற்றையும் சேர்த்து வாங்கும் நிலைக்கு நூலகங்கள் வந்தன. இதில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. முன்பு சந்தா கட்டிய இதழ் நூலக அலமாரியில் தங்கியது; சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் எங்கும் போய்விடவில்லை. இணையத்தில் நூலகம் பெரும்பாலும் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டுமே. பழைய தொகுதிகளைத் தொடர்ந்து படிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் தனியே எழுதி வாங்கவில்லையெனில், அனுமதி முடியும் நாளில் அலமாரியும் வெறுமையாகிவிடும்.

3. ஒப்பந்தங்கள் செய்யும் மாற்றம்

இதற்கு மாற்றாக எழுந்தவையே ‘வாசிப்பு–வெளியீட்டு ஒப்பந்தங்கள்’. நூலகமோ நூலகங்களின் கூட்டமைப்போ பதிப்பகத்துக்கு ஒரு தொகை தரும். அத்தொகைக்கு இரண்டு பயன்கள் உண்டு. அந்நிறுவனத்தார் இதழ்களைப் படிக்கலாம். அந்நிறுவனத்தார் எழுதும் கட்டுரைகளை உலகம் முழுவதும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

ஜெர்மனி இதில் முன்னோடி. நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சார்பில் ‘டீல்’ என்னும் கூட்டமைப்பு 2019 ஜனவரியில் வைலி பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்தது. அடுத்து ஸ்பிரிங்கர் நேச்சர் நிறுவனத்துடனும், நெடிய பிணக்குக்குப் பின் 2023இல் எல்செவியர் நிறுவனத்துடனும் உடன்பாடு கண்டது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் ஒரு கோடி டாலருக்கும் மேல் எல்செவியருக்குச் செலுத்திவந்தது. திறந்த அணுகலை ஏற்காத ஒப்பந்தம் வேண்டாவென்று 2019 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. ஏறத்தாழ ஈராண்டுகள் உறுதியாக நின்று, 2021 மார்ச்சில் தான் விரும்பிய வகையில் புதிய உடன்பாடு செய்தது. நூலகங்கள் ஒன்றுபட்டால் பேரம் பேச இயலும் என்பதற்கு இவை சான்று.

எனினும் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் முதல் ஒப்பந்தத்தில் ஒரு கட்டுரைக்கு 2,750 யூரோ என்று விலை குறிக்கப்பட்டது. நம் பணத்தில் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கும் மேல். படிப்பவரிடம் வாங்கிய காசு எழுதுபவர் பக்கத்துக்கு மாறியிருக்கிறது. செல்வம் மிக்க நாட்டில் அதைப் பல்கலைக்கழகம் செலுத்திவிடும். ஒப்பந்தம் இல்லாத நிறுவனத்தின் ஆய்வாளரோ, பணி ஓய்வு பெற்றவரோ, பள்ளி ஆசிரியரோ எழுதினால் அத்தொகையை யார் தருவர்? வறியவர்க்குச் சலுகை தரும் பதிப்பகங்கள் உள்ளன. ஆனால் சலுகை உரிமையாகாது. முன்பு படிக்க முடியாமல் வெளியே நின்றவர், இப்போது எழுத முடியாமல் வெளியே நிற்கும் நிலை உருவாகலாம்.

4. இந்தியாவின் வழி

இந்தியா வேறொரு வழியைத் தேர்ந்தது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு இந்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, அரசு சார்ந்த 6,300க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் படிக்க இத்திட்டம் வழிசெய்கிறது. இன்ஃப்ளிப்நெட் நடுவம் இதனை ஒருங்கிணைக்கிறது. தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் உள்ள அரசுக் கல்லூரி மாணவரும் பெரிய ஆய்வு நிறுவனத்தார் படிக்கும் இதழையே படிக்கலாம் என்பது உண்மையான பேறு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆயினும் இது முதன்மையாகப் படிப்பதற்கான ஒப்பந்தம். திறந்த அணுகல் இதழ்களில் எழுதுவோர்க்கு உதவ ஆண்டுக்கு ரூ.150 கோடி தனியே குறிக்கப்பட்டுள்ளது. மொத்தத்தில் அது சிறு பங்கே. முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இடம்பெறவில்லை. சந்தா நின்றால் படிப்பும் நிற்கும். கட்டுரைகளின் பூட்டு அவ்வாறே இருக்கிறது, சாவி மட்டும் பலருக்குத் தரப்பட்டிருக்கிறது. மேலும் அப்பதின்மூவாயிரம் இதழ்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். தமிழில் எழுதப்படும் தமிழாய்வு இந்தப் பேரத்தின் எல்லைக்குள் ஏறத்தாழ வருவதே இல்லை.

எந்த ஒப்பந்தத்தையும் மதிப்பிட எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றே. எத்தனை இதழ்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், கையொப்பம் ஆனபின்னும் வெளியே நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

5. கிளைப்பாதை இல்லாத நிலையம்

புலாவ் செபாங்கில் வாழ்வோருக்கு இதை விளக்குதல் எளிது. இவ்வூர் நிலையத்தின் வழியாகத் தலைநகருக்கும் ஜொகூருக்கும் இரயில்கள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகருக்கும் ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது திரும்ப அமையவே இல்லை. இன்றும் மலாக்கா மாநிலத்துக்குள் இரயிலில் வந்து இறங்கலாம். மலாக்கா நகருக்கு இரயிலில் போக முடியாது.

பெரும் ஒப்பந்தங்கள் தலைமைப் பாதை போன்றவை. அவை பல்கலைக்கழகத்தைச் சென்றடைகின்றன. அங்கிருந்து தோட்டப் பள்ளிக்கும், சிறு நகர வாசகசாலைக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியரின் இல்லத்துக்கும் செல்லும் கிளைப்பாதையை அவை அமைப்பதில்லை. அதை நாமே அமைக்க வேண்டும்.

6. நமக்குள்ள மரபு

இதில் தமிழர் வெறுங்கையர் அல்லர். பாரதியார் பாடல்களின் இசையுரிமை ஒரு காலத்தில் திரைப்பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பொதுமக்களின் கோரிக்கை வலுத்தபின் 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைத் தன்வயமாக்கியது. பின்னர் அவை மக்களுக்கே உடைமையாயின. அதன் வழித்தோன்றலாகவே தமிழ்நாட்டரசு எழுத்தாளர் பலரின் நூல்களை, குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை வழங்கி, நாட்டுடைமையாக்கி வருகிறது. எழுதியவர் தரப்பையும் மதித்து, வாசகர்க்கும் கதவு திறக்கும் முறை அது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தமிழிலக்கியங்களை இணையத்தில் ஏற்றினர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த துயரை அறிந்த ஈழத்தமிழர், 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்து வருகின்றனர். ஒரே இடத்தில் இருக்கும் ஒரே படி அழியக்கூடும். பலர் கையில் இருப்பது எளிதில் அழியாது என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்தவர்கள்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றபோது அதற்கு முன்னின்றவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர் தனிநாயகம் அடிகளார். அதே துறை இன்று ‘தமிழ்ப் பேராய்வு’ ஆய்விதழை இணையத்தில் அனைவரும் படிக்குமாறு வெளியிடுகிறது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து ‘வளர்தமிழ்’ ஆய்விதழ் வருகிறது. இத்தகைய முயற்சிகளுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆய்விதழ் நடத்துவதற்கான மென்பொருளே கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேவைப்படுவது மதிப்பீட்டாளரின் நேரம், பதிப்பாசிரியரின் உழைப்பு, வழங்கியைப் பேணும் நிறுவனத்தின் உறுதி.

எழுதுபவரிடமும் வாங்காமல், படிப்பவரிடமும் வாங்காமல், பல்கலைக்கழகமோ பொதுநிதியோ செலவை ஏற்கும் இம்முறையை ‘வைரத் திறந்த அணுகல்’ என்பர். பிரேசிலில் தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய ‘சைலோ’ என்னும் இணைய இதழ்த்தொகுப்பு, பொதுநிதியின் துணையோடு போர்த்துகீசிய, ஸ்பானிய மொழி ஆய்விதழ்களை உலகறியச் செய்தது. தமிழ் போன்ற மொழிக்குப் பொருந்தும் வழி இதுவே என்பது என் துணிபு. நம் ஆய்வின் வாசகர் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர். அவரிடம் சந்தாவும் இல்லை, அவர் எழுதினால் கட்டணம் செலுத்த நிறுவனமும் இல்லை.

தன்னார்வலரின் அன்பை மட்டும் நம்பி இதழை நீண்டநாள் நடத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றதும் நின்றுபோன இதழ்கள் நம்மிடையே பல. ஆதலால் பதிப்புப் பணியைப் பணிச்சுமையாகக் கணக்கிட்டு, பதவி உயர்வில் அதற்கு மதிப்பளிக்கும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு.

7. செய்யத்தக்கவை

இனி நடைமுறை. ஆய்வு மாணவர்களுக்கு முதலில் சொல்வேன்: கையொப்பமிடும் முன் படியுங்கள். பதிப்புரிமையை முழுதாக மாற்றித் தருவதற்கும், வெளியிடும் உரிமம் மட்டும் தருவதற்கும் வேறுபாடு மிகுதி. மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கிறது. ஒரு கையொப்பத்தால் உங்கள் பெயரர் காலம் வரை உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். 2008 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கலை அறிவியல் புலத்து ஆசிரியர்கள், தம் கட்டுரைகளைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் திறந்து வைக்கும் உரிமையை முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கு வழங்கித் தீர்மானம் செய்தனர். நம் துறைகளும் அவ்வாறு செய்வதற்குப் பணம் வேண்டியதில்லை. கூடி முடிவெடுக்கும் மனம் வேண்டும்.

இரண்டாவது, முன்பே கையொப்பமிட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்குப் பின் ஆசிரியர் திருத்திய படியை, பதிப்பகத்தின் பக்க வடிவமின்றி, குறித்த காத்திருப்புக் காலத்துக்குப் பின் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் ஒப்புகின்றன. எந்த இதழின் விதி யாதென்று அதற்குரிய இணையத் தரவுத்தளத்தில் காணலாம்.

மூன்றாவது, பணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடே இன்றிச் சில நாள்களில் வெளியிடும் போலி இதழ்களைத் திறந்த அணுகல் என்று மயங்காதீர்கள். கதவு திறந்திருப்பது வாசகருக்காக; தரமற்ற எழுத்து நுழைவதற்காக அன்று.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பல நூலக ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வருவோர் அங்குள்ள கணினியில் மின்னிதழ்களைப் படிக்கலாம் என்னும் விதி உண்டு. அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் அதைக் கேளுங்கள். கேட்பார் இல்லாத விதி அடுத்த ஒப்பந்தத்தில் நீங்கிவிடக்கூடும். நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பேரம் பேச அமரும்போது, பள்ளி ஆசிரியரும் ஓய்வு பெற்றோரும் படிக்கும் உரிமையை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

8. ஒரு திருத்தம்

ஆசிரியையின் கதையை நான் முடிக்கவில்லை. பழைய பெட்டியில் என் கட்டுரையின் தட்டச்சுப்படி கிடைத்தது. பதிப்பகத்தின் இன்றைய விதிகள் அப்படியைக் களஞ்சியத்தில் வைக்க இடந்தந்தன. மீண்டும் கணினியில் ஏற்றி, தமிழில் ஒரு சுருக்கமும் எழுதிச் சேர்த்தேன். முதற்படியை அவருக்கே அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து அழைத்தார். நன்றி சொன்னபின் சற்றுத் தயங்கி, “ஐயா, ஓரிடம் தவறாக இருக்கிறது” என்றார். விடியுமுன் மங்கு துடைக்கப் போவோம் என்று அவர் தந்தை பேசியதை நான் சமையற்கட்டுச் சொற்களின் பட்டியலில் சேர்த்திருந்தேன். ‘மங்குக்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கிண்ணம் என்று பொருள். நகரத்தில் வளர்ந்த நான் அதைச் சோற்றுக் கிண்ணம் என்று கொண்டேன். “அது அடுப்படி வேலை இல்லை, ஐயா. பால் வடியும் மங்கு. மரம் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு மரமாகத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். நானும் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன்” என்றார்.

கடல் கடந்த மதிப்பீட்டாளர்கள் படித்த கட்டுரை அது. அவர்கள் காணாத பிழையைப் பால்மரம் வெட்டியவரின் மகள் கண்டார். கட்டுரை பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் அப்பிழையும் அதனுள்ளே பத்திரமாக இருந்தது. ஆய்வைத் திறந்து வைப்பதை நாம் பிறருக்குச் செய்யும் கொடை என்று எண்ணுகிறோம். மொழியைப் பேசியவர்கள் படித்துத் திருத்தும்போது பயன்பெறுவது ஆய்வும்தான்.

களஞ்சியத்தில் இப்போதுள்ள படியில் அச்சொல் உரிய பட்டியலுக்கு மாற்றப்பட்டுள்ளது. திருத்தியவர் பெயரும், அவர் இசைவோடு, அடிக்குறிப்பில் உள்ளது.